பெயர் தெரியாத மூலிகைகள்: குர்துபாவும் கான்ஸ்டாண்டிநோபிளும் இணைந்து நடத்திய ஓர் ஆய்வு

அரபு அகராதிகளைப் புரட்டுவோர் அடிக்கடி எதிர்கொள்ளும் ஒரு விளக்கம் உண்டு. ஏதேனும் ஒரு செடியின் பெயருக்குப் பொருள் தேடினால், ‘நப்துன் மஃரூஃப்’ என்று மட்டும் எழுதியிருக்கும். ‘அறியப்பட்ட ஒரு செடி’ என்பது இதன் பொருள். பல ஆண்டுகளுக்கு முன் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஜ்ரத், எல்லாருக்கும் தெரிந்த செடி என்றால் நமக்கு மட்டும் ஏன் தெரியவில்லை?” என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. ஆனால் அக்கேள்வி சிரித்துவிட்டுப் போகத்தக்கது அன்று. அகராதி ஆசிரியர் வாழ்ந்த ஊரில், அவர் வாழ்ந்த காலத்தில் அது அறியப்பட்ட செடிதான். ஊர் மாறி, நூற்றாண்டுகள் கடந்தபின் பெயர் மட்டும் ஏட்டில் எஞ்சியது. பெயருக்குரிய பொருள் கைநழுவிவிட்டது.

இலக்கியத்தில் இத்தகைய இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். கவிதையில் வரும் ஒரு பூ எந்தப் பூ என்று தெரியாமற் போனால் சுவை சற்றுக் குறையும், அவ்வளவே. மருத்துவத்தில் அப்படியன்று. பெயரைப் பிழையாகப் புரிந்துகொண்டு ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றை அரைத்துக் கொடுத்தால் நோயாளியின் உயிரே போய்விடும். கி.பி. பத்தாம் நூற்றாண்டில் இந்த இடர்ப்பாட்டைத் தீர்ப்பதற்காக, மதத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இரு பேரரசுகள் கைகோத்தன. ஒன்று, அந்தலூஸ் எனப்பட்ட முஸ்லிம் ஸ்பெயினை ஆண்ட குர்துபாவின் உமையா கிலாஃபத். மற்றொன்று, கான்ஸ்டாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட கிறிஸ்தவ பைஸாந்தியப் பேரரசு. அந்நிகழ்ச்சியின் வரலாற்றையும், அது நமக்கு உணர்த்தும் உண்மையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது.

நூலும் அதன் ஆசிரியரும்

கி.பி. முதல் நூற்றாண்டில் ஆசியா மைனரின் சிலிசியாப் பகுதியிலுள்ள அனஸர்பா என்னும் ஊரில் பிறந்தவர் டயாஸ்கோரிடிஸ். அவ்வூரை அரபியர் ‘ஐன் ஸர்பா’ என்பர்; ஆசிரியரைத் ‘தியஸ்கூரீதுஸ்’ என்பர். மருந்துப் பொருள்களைப் பற்றி அவர் கிரேக்க மொழியில் ஐந்து பகுதிகள் கொண்ட நூல் ஒன்றை இயற்றினார். ஏறத்தாழ 600 தாவரங்களும், அவற்றோடு விலங்குப் பொருள்களும் கனிமங்களும் அதில் விவரிக்கப்பட்டுள்ளன. அரபுலகில் இந்நூல் ‘கிதாபுல் ஹஷாயிஷ்’ (மூலிகைகளின் நூல்) என்றும், ‘அல்மகாலாத்துல் கம்ஸ்’ (ஐந்து பகுதிகள்) என்றும் வழங்கிற்று. நம் நாட்டில் இன்றும் பயின்றுவரும் யூனானி மருத்துவத்தின் பெயரே ‘கிரேக்கத்துக்குரியது’ என்ற பொருளுடையது. அதன் தனி மருந்தியலுக்கு, அதாவது ‘முஃப்ரதாத்’ எனப்படும் துறைக்கு, அடித்தளமாய் அமைந்த நூல்களுள் இது தலையாயது.

அப்பாஸிய கலீஃபா முதவக்கிலின் காலத்தில் (கி.பி. 847–861) பக்தாதில் இந்நூல் அரபிக்குப் பெயர்க்கப்பட்டது. பெயர்த்தவர் இஸ்திஃபன் இப்னு பஸீல். அதனைப் படித்துத் திருத்தி ஏற்பளித்தவர் மொழிபெயர்ப்பாளர்களுள் தலைசிறந்தவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக். இஸ்திஃபன் கையாண்ட முறை நேர்மையானது. எந்த மூலிகைக்கு அரபுப் பெயர் தமக்குத் தெரிந்ததோ அதனை அரபியில் தந்தார். எதற்குத் தெரியவில்லையோ அதனைக் கிரேக்கப் பெயராலேயே எழுதி விட்டுவிட்டார். தமக்குப் பின் அதனை அறிந்த ஒருவரை இறைவன் அனுப்புவான் என்ற நம்பிக்கையே அவருக்கு ஆதரவாக இருந்தது.

ஒவ்வோர் ஊராரும் தத்தமக்குள் உடன்பட்டு வைத்துக்கொள்வதே மருந்துப் பொருளின் பெயர் என்பது அக்கால மருத்துவர்களின் கருத்து. மொழியின் தோற்றம் பற்றி உஸூலுல் ஃபிக்ஹ் நூல்களில் வரும் விவாதத்தை இது நினைவூட்டும். சொற்கள் இறைவனால் கற்பிக்கப்பட்டவை (தவ்கீஃப்) என்போர் ஒரு சாரார். மக்கள் உடன்பட்டு ஆக்கிக்கொண்டவை (இஸ்திலாஹ்) என்போர் மற்றொரு சாரார். அவ்விவாதத்தின் முடிவு எதுவாயினும், மருந்துக்கடையில் நிற்பவருக்கு இரண்டாவது கருத்தே நடைமுறையில் எதிர்ப்படும். ஒரு சான்று பார்ப்போம். ‘பஸ்பாஸ்’ என்றால் அந்தலூஸிலும் மக்ரிபிலும் பெருஞ்சீரகம். கிழக்கத்திய அரபியிலோ ‘பஸ்பாஸா’ என்பது ஜாதிபத்திரி. ஒரே மொழி பேசுவோரிடையிலேயே இத்தகைய வேறுபாடு இருக்குமானால், கிரேக்கப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு மேற்கிலுள்ள மருத்துவர் என்ன செய்வார்? தெரிந்த மருந்துகளைப் பயன்படுத்தினார். தெரியாதவற்றைக் கடந்து சென்றார். பக்தாதில் நின்றுபோன வேலை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அப்படியே கிடந்தது.

இரு அரசவைகள்

குர்துபாவில் அப்போது ஆண்டவர் மூன்றாம் அப்துர் ரஹ்மான் (ஆட்சி கி.பி. 912–961). ‘அந்நாஸிர்’ என்னும் சிறப்புப் பெயருடன் 929இல் கலீஃபாவாகத் தம்மை அறிவித்துக்கொண்டவர். கான்ஸ்டாண்டிநோபிளில் 945 முதல் தனியாட்சி நடத்திவந்தவர் ஏழாம் கான்ஸ்டண்டைன். படிப்பிலும் நூல் தொகுப்பிலும் ஈடுபாடு மிக்கவர்.

இவ்விருவரையும் நெருங்கச் செய்தது அறிவுத் தாகம் மட்டுமே என்று சொல்வது வரலாற்றுக்கு நேர்மை செய்வதாகாது. வட ஆப்பிரிக்காவையும் சிசிலியையும் தம் பிடியில் வைத்திருந்த ஃபாத்திமியர் இருவருக்கும் பொதுப் பகைவர். பக்தாதின் அப்பாஸியரோடும் இருவருக்கும் உறவு நன்றாயில்லை. மேலும், அந்தலூஸிலிருந்து வெளியேறியோர் ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கைப்பற்றியிருந்த கிரீட் தீவை மீட்க 949இல் பைஸாந்தியர் படையெடுத்தனர். அவ்வேளையில் குர்துபா குறுக்கே வராதிருத்தல் அவர்களுக்கு நன்மை. தூதர்கள் வந்ததற்கும் பரிசுகள் பரிமாறப்பட்டதற்கும் இக்கணக்குகளும் காரணம்.

பைஸாந்தியத் தூதர்களை வரவேற்ற அவையின் சிறப்பை மக்கரீ தமது ‘நஃப்ஹுத் தீப்’ நூலில் விரிவாக வருணித்துள்ளார். வான நீலத் தோலில் பொன்னெழுத்தால் எழுதப்பட்டிருந்தது பேரரசரின் கடிதம். அதில் பதித்த பொன் முத்திரையின் எடை நான்கு மித்கால். மொழிவல்லுநர் அபூ அலீ அல்காலீ அவ்வவையில் பேச எழுந்து நாத்தடுமாறி நின்றதும், முன்திர் இப்னு ஸயீத் எழுந்து உரையாற்றி அவையின் மானம் காத்ததும் அரபு இலக்கியம் பயின்றோர் அறிந்த செய்தி. எனினும் தூதுகளின் வழி வந்த பொருள்களுள் காலத்தை வென்று பயன் தந்தவை பொன்னோ பட்டோ அல்ல, இரண்டு நூல்களே.

பரிசாக வந்த ஏடு

இந்நிகழ்ச்சியை நமக்குச் சொல்பவர் குர்துபா மருத்துவர் இப்னு ஜுல்ஜுல். ஹிஜ்ரி 332இல் (கி.பி. 944) பிறந்த இவர் ஹதீஸும் மருத்துவமும் பயின்றவர். இவர் எழுதிய செய்தியை, பதின்மூன்றாம் நூற்றாண்டில் திமிஷ்கைச் சேர்ந்த இப்னு அபீ உஸைபிஆ மருத்துவர்களின் வரலாறு கூறும் தமது ‘உயூனுல் அன்பாஉ’ என்ற நூலில் எடுத்தாண்டமையால் அது நமக்குக் கிடைத்தது.

ஹிஜ்ரி 337ஆம் ஆண்டில் (கி.பி. 948–949) பரிசு வந்ததாக இப்னு ஜுல்ஜுல் குறிக்கிறார். அவ்வாண்டைத் திட்டமாகக் கூறாமல் ‘என்று எண்ணுகிறேன்’ எனச் சேர்த்தே எழுதுகிறார். அனுப்பிய பேரரசரின் பெயரை அவர் ‘அர்மானியூஸ்’ (ரோமனோஸ்) என்கிறார். முதலாம் ரோமனோஸ் 944இலேயே அரியணை இழந்துவிட்டார். மக்கரீ வருணிக்கும் கடிதத்தில் கான்ஸ்டண்டைன், அவர் மகன் ரோமனோஸ் ஆகிய இருவர் பெயரும் உள்ளன. எனவே மகனின் பெயர் நினைவில் நின்று, தந்தையின் பெயர் விடுபட்டிருக்கலாம் எனக் கொள்வதே பொருத்தம்.

வந்த நூல்களுள் ஒன்று டயாஸ்கோரிடிஸின் கிரேக்க மூலம். மூலிகைகளின் வண்ண ஓவியங்களுடன் கூடியது. மற்றொன்று ஓரோஸியுஸ் லத்தீனில் எழுதிய வரலாற்று நூல். பேரரசர் தம் கடிதத்தில் சொல்லியனுப்பிய கருத்து ஊன்றிக் கவனிக்கத்தக்கது. லத்தீன் நூலைப் படித்து மொழிபெயர்ப்போர் உங்கள் நாட்டிலேயே உளர். ஆனால் மூலிகை நூலின் பயனை அடைய வேண்டுமானால் கிரேக்கமும் தெரிந்து, அந்த மருந்துகளை நேரில் அடையாளம் காணவும் தெரிந்த ஒருவர் வேண்டும் என்பதே அதன் சாரம். நூலைக் கொடுத்தவரே நூல் மட்டும் போதாது என்றும் உடன் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது. குர்துபாவின் கிறிஸ்தவர்களுள் பழங்கிரேக்கம் படிப்பவர் ஒருவரும் இல்லை. ஓவியங்கள் நிறைந்த அந்த அரிய ஏடு கலீஃபாவின் கருவூலத்தில் மூடியே கிடந்தது. மருத்துவர்கள் பழையபடி பக்தாத் மொழிபெயர்ப்பையே பயன்படுத்திவந்தனர்.

‘ஓர் ஆளை அனுப்புங்கள்’

இந்த இடத்தில்தான் அந்நாஸிரின் பெருமை விளங்குகின்றது. வளத்திலும் படையிலும் ஐரோப்பாவில் தமக்கு நிகர் அரிதாயிருந்த ஒரு கலீஃபா, ‘எங்களிடம் இதனைப் படிப்பவர் இல்லை’ என்று மற்றோர் அரசருக்கு எழுதத் தயங்கவில்லை. கிரேக்கமும் லத்தீனும் பேசத் தெரிந்த ஒருவரை அனுப்புமாறும், அவரைக் கொண்டு தம் அடிமைகள் சிலருக்குக் கற்பித்து மொழிபெயர்ப்பாளர்களை உருவாக்க விரும்புவதாகவும் பதில் எழுதினார். மொழிபெயர்ப்பை முடித்துத் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. கற்பிக்கும் ஆளைக் கேட்டார். லத்தீனையும் சேர்த்துக் கேட்டதன் காரணம் எளிது: குர்துபாவில் லத்தீன் அறிந்தோர் இருந்தமையால், கிரேக்கத்திலிருந்து அரபிக்கு வர அது ஒரு பாலமாகும்.

நிகோலா என்னும் துறவியைப் பேரரசர் அனுப்பினார். ஹிஜ்ரி 340இல் (கி.பி. 951–952) அவர் குர்துபா வந்து சேர்ந்தார். பரிசு வந்ததற்கும் ஆள் வந்ததற்கும் இடையில் மூன்று ஆண்டுகள்.

குர்துபாவின் ஆய்வுக் குழு

நிகோலா வந்து இறங்கிய இடம் வெற்றிடமன்று. அறியப்படாத மருந்துப் பெயர்களைக் கண்டறியும் வேட்கையோடு மருத்துவர் குழு ஒன்று அங்கே முன்பே காத்திருந்தது. அவர்களுள் முதன்மையானவர் கலீஃபாவின் அவையில் செல்வாக்குப் பெற்றிருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத். நிகோலாவுக்கு மிக நெருக்கமானவராக அவரே விளங்கினார். செடிகொடிகளில் தேர்ச்சி பெற்று ‘அஷ்ஷஜ்ஜார்’ என்றே பெயர் பெற்ற முஹம்மத், அல்பஸ்பாஸீ, அபூ உஸ்மான் அல்ஜஸ்ஸார், முஹம்மத் இப்னு ஸயீத், அப்துர் ரஹ்மான் இப்னு இஸ்ஹாக் இப்னு ஹைதம் ஆகிய மருத்துவர்களும் அக்குழுவில் இருந்தனர். கிரேக்கம் பேசவும் மருந்துகளை அடையாளம் காணவும் தெரிந்த சிசிலிக்காரரான அபூ அப்தில்லாஹ் அஸ்ஸிகில்லீயும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். முஸ்லிம்களும் ஒரு யூதரும் ஒரு கிறிஸ்தவத் துறவியும் ஒரே நூலைச் சூழ்ந்து அமர்ந்த காட்சி அது.

இவர்களது பணியைக் குறிக்க இப்னு ஜுல்ஜுல் கையாளும் சொல் ‘அஷ்காஸ்’ என்பது. ‘ஷக்ஸ்’ என்றால் தனியாள். கண்ணெதிரே நிற்கும் தனிப்பொருள். பெயருக்குப் பெயர் எழுதுவது ஒரு வேலை. பெயருக்குரிய செடியையே கண்டு அடையாளம் காண்பது வேறொரு வேலை. முதலாவதற்கு மொழி போதும். இரண்டாவதற்கு மண்ணில் இறங்க வேண்டும். கிரேக்க விவரணையை நிகோலா விளக்குவார்; ஓவியம் கண்முன் இருக்கும்; அந்தலூஸின் மலையிலும் வயலிலும் வளர்வது எது என்பதை உள்ளூர் மருத்துவர் அறிவர். ஒருவரிடம் மட்டும் முழு விடையும் இல்லை. துறவிக்கு அந்நாட்டின் செடிகள் தெரியா. மருத்துவர்களுக்கு அந்த மொழி தெரியாது. இக்குறைகள் இரண்டும் ஒன்றையொன்று நிரப்பிய இடமே அந்த ஆய்வு.

நஞ்சு முறிக்கும் பேர்பெற்ற கூட்டு மருந்தான ‘திர்யாக்குல் ஃபாரூக்’, அதிற் சேரும் தாவரங்கள் சரியாக இனங்காணப்பட்டு, குர்துபாவில் முதன்முறையாகத் தயாரிக்கப்பட்டதும் இக்காலத்தில்தான். அதனை முதலில் செய்தவர் ‘அவர்’ என்று மட்டும் இப்னு ஜுல்ஜுலின் வாக்கியம் சொல்கிறது. அந்தச் சுட்டுப்பெயர் ஹஸ்தாயைக் குறிக்கிறது என்பர் சிலர். நிகோலாவைக் குறிக்கிறது என்பர் வேறு சிலர். அரபு இலக்கணப்படி இரண்டுக்கும் இடமுண்டு. கூட்டாகச் செய்த பணியில் யாருடைய கை எது என்று பிரித்தறிய இயலாமற் போவதும் இயல்புதானே!

பத்து மருந்துகள்

நிகோலா குர்துபா வந்தபோது இப்னு ஜுல்ஜுல் எட்டு வயதுச் சிறுவர். பின்னர் இரண்டாம் ஹகமின் ஆட்சித் தொடக்கத்தில், தம் பதினேழு, பதினெட்டு வயதில் துறவியையும் அக்குழுவினரையும் நேரில் கண்டு பழகினார். சிறிது காலத்தில் நிகோலா குர்துபாவிலேயே இறந்தார். தம் நாட்டுக்கு அவர் திரும்பவேயில்லை.

இவர்களது ஆய்வின் விளைவை இப்னு ஜுல்ஜுல் அடக்கத்துடன் பதிவு செய்கிறார். மருந்துகள் பற்றிய ஐயம் உள்ளங்களிலிருந்து நீங்கிற்று. பெயர்களின் உச்சரிப்பும் திருந்திற்று. தெளிவுபடாமல் எஞ்சியவை பத்து மருந்துகள் அளவில்தான் என்கிறார். ‘எல்லாம் கண்டுபிடித்துவிட்டோம்’ என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்கப் போவதில்லை. எனினும் அந்தப் பத்தையும் அவர் மறைக்கவில்லை. பக்தாதில் இஸ்திஃபன் காட்டிய அதே நேர்மை இது.

பின்னர் அவர் ஹிஜ்ரி 372இல் (கி.பி. 982) டயாஸ்கோரிடிஸின் மருந்துப் பெயர்களுக்கு விளக்கவுரை எழுதினார். அக்கிரேக்க ஆசிரியர் குறிப்பிடாத மருந்துகளைப் பற்றியும் தனிநூல் ஒன்று இயற்றினார். மூல நூலைப் புரிந்துகொள்வதோடு நில்லாமல் அதன் எல்லையைத் தாண்டுவதும் ஆய்வின் கடமை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பரிசாக வந்த மற்றொரு நூலான ஓரோஸியுஸின் வரலாறும் வீண்போகவில்லை. அதன் அரபு வடிவம் இப்னு ஜுல்ஜுலுக்கும், நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்னு கல்தூனுக்கும் பயன்பட்டது.

இந்த மரபின் தொடர்ச்சியாக, அந்தலூஸின் மாலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் (மறைவு கி.பி. 1248) ஏறத்தாழ 1,400 மருந்து, உணவுப் பொருள்களை விவரிக்கும் பெருநூலை யாத்தார். ஹிஜ்ரி 633இல் திமிஷ்கில் அவரை முதன்முதலாகச் சந்தித்த இப்னு அபீ உஸைபிஆ, அவருடன் ஊர்ப்புறங்களில் சுற்றிச் செடிகளை அவை முளைத்த இடத்திலேயே கண்டதை நினைவுகூர்கிறார். நூலைக் கையில் வைத்துக்கொண்டு செடியின் முன் குனிந்து நிற்கும் அந்த முறை, குர்துபாக் குழுவினர் கடைப்பிடித்த முறையேயாகும்.

இதே வழியை இரண்டாம் ஹகமும் பின்பற்றினார். குர்துபாப் பள்ளிவாசலின் மிஹ்ராபை அலங்கரிக்கப் பைஸாந்தியத்திலிருந்து பலவண்ணச் சில்லுகளை மட்டும் வரவழைக்கவில்லை. அவற்றைப் பதிக்கும் கைவினைஞரையும் வரவழைத்தார். தம் ஆட்களை அவரிடம் கற்க வைத்தார். கற்றவர்கள் ஆசானையும் விஞ்சினார்கள் என்று வரலாற்றாசிரியர் இப்னு இதாரீ எழுதுகிறார்.

நமக்குரிய பாடம்

முஸ்லிம்களின் அறிவியல் பங்களிப்பைப் பற்றி நம்மிடையே எழுதுவோர் பெரும்பாலும் ‘நாம் உலகுக்குக் கொடுத்தோம்’ என்ற ஒரு பக்கத்தையே எழுதுகின்றனர். கொடுத்தது உண்மை. ஆனால் கொடுப்பதற்கு முன் எவ்வாறு பெற்றோம் என்பதையும் எழுத வேண்டாமா? நம் முன்னோர் அதனை மறைக்கவில்லை. ஒரு கிறிஸ்தவத் துறவியின் உதவியையும் ஒரு யூத மருத்துவரின் உழைப்பையும் முஸ்லிம் மருத்துவரான இப்னு ஜுல்ஜுலே பெயர் சொல்லிப் பதிந்திராவிட்டால், இவ்வரலாறு நமக்குத் தெரிந்தே இராது. ஹஸ்தாயின் ஆர்வத்துக்கு அரசரின் தயவைப் பெறும் விருப்பமும் ஒரு காரணம் என்பதையும் அவர் விடாமல் சொல்கிறார். நன்றியும் உண்மையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று.

நம் காலத்திலும் இதற்கு ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1999இல் ஜெர்மனியில் பணி நிறுத்தப்பட்ட ‘பெஸ்ஸி’ என்னும் ஒளிக்கற்றை இயந்திரம் மத்தியக் கிழக்கிற்காக அன்பளிப்பாக வழங்கப்பட்டது. அதனைத் துணை இயந்திரமாகக் கொண்டு ஜோர்தானில் அமைந்த ‘செஸமி’ ஆய்வுக்கூடம் 2017இல்தான் திறந்துவைக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கட்டடமும் புதிய கருவிகளும் உருவானது போலவே, அவற்றை இயக்கவும் பயன்படுத்தவும் அப்பகுதி விஞ்ஞானிகள் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் பயிற்சி பெற்றனர். அன்பளிப்பு வந்த நாளில் கூட்டுறவு முடிந்துவிடவில்லை, தொடங்கியது.

அரபுக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில், அயல்நாட்டார் அன்பளித்த, பொன்னிறத் தலைப்புப் பொறித்த அரபு நூல் தொகுதிகள் கட்டுப் பிரிக்கப்படாமல் அலமாரி நிறைய அடுக்கியிருந்ததை ஒருமுறை கண்டேன். “யாராவது படிக்கிறார்களா?” என்று கேட்டேன். “தூசு படாமல் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் பொறுப்பாளர். அந்நாஸிரின் கருவூலத்தில் மூடிக்கிடந்த ஏடு உடனே என் நினைவுக்கு வந்தது. அந்த ஏடு மூடிக்கிடந்தது மூன்று ஆண்டுகள்தான். ஏனெனில் அதைப் படிக்கத் தெரியவில்லை என்று ஒருவர் வெட்கப்படாமல் கடிதம் எழுதினார். அவ்விரு பேரரசுகளும் இன்று இல்லை. அவர்கள் கணக்கிட்ட பகைகளும் நட்புகளும் மறைந்துபோயின. அந்த ஓவிய ஏடும் எஞ்சவில்லை. ஆனால் அவர்கள் சேர்ந்து இனங்கண்ட செடிகளின் பெயர்கள் நூலிலிருந்து நூலுக்குச் சென்று நம் காலம்வரை வந்துள்ளன. இனங்காண முடியாத பத்தும் உண்டு என்ற ஒப்புதலும் அவற்றோடு சேர்ந்தே வந்துள்ளது.